ஆறு வரி மாற்றத்துக்கு ஆறு வாரமா?

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. அவிநாசியில் இருந்து எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் குவாலிட்டி டேட்டா பார்க்கிறேன். செக்கிங்கில் கழிபடும் பீஸ்களை ஓட்டை, எண்ணெய்க் கறை, நீடில் லைன் என்று பிரித்து, மேட்பிளாட்லிப்பில் (பைத்தானில் படம் வரையும் நூலகம்) பை சார்ட் போட்டு வாராவாரம் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். தீபாவளி லீவு வாரத்தில் எல்லாமே பூஜ்யம். படம் வராமல், தலையும் காலும் புரியாத ஒரு பிழைச் செய்தியோடு ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. நானே உள்ளே போய்ப் பார்த்து ஆறு வரியில் சரிசெய்து, கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டேன். ரெண்டு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவர் வந்து, 'சம்பந்தமில்லாத மாற்றங்களை எடுங்கள், டெஸ்ட் சேருங்கள், பூஜ்யம் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று முதலில் பேசுவோம்' என்றார். இன்னொருவர் வந்து அவருக்கு நேர்மாறாகச் சொல்கிறார். தானாக ஓடும் சோதனைகளில் மூன்று சிவப்பாக நிற்கிறது. ஆறு வரிக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. விட்டுவிடலாமா? என் ஆங்கிலம் சுமார்தான். ஏஐயை வைத்துப் பதில் எழுதலாமா? இதைவிட, படங்களில் தமிழ் எழுத்து உடைவதைச் சரிசெய்யப் போனால் நம்மவர்களுக்கு உபயோகமாக இருக்குமே?

பதில்: அம்மணி, புல் ரிக்வெஸ்டை மூடிவிடாதீங்க. நீங்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்து, கோடையும் (code, அதாவது நிரல்) அதன் கீழே நடந்த பேச்சையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் உங்களை மட்டம் தட்டவில்லை. ஒருவர் மெனக்கெட்டுப் படித்து மூன்று விஷயம் கேட்டிருக்கிறார் என்றால், சேர்த்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்கிறது. வேண்டாம் என்று நினைத்திருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார்.

மேட்பிளாட்லிப்பை ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் தன் சொந்த ஆய்வுத் தேவைக்காக எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 2003இல். 2012இல் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் அது ஓடுகிறது என்றால், ஒருவர் எழுதிவைத்த வரியை இன்னொருவர் எடுத்துப் பராமரிப்பதால்தான். உங்கள் ஆறு வரியும் உள்ளே போன நிமிடத்தில் அவர்கள் பொறுப்பாகிவிடும். நாளைக்குப் பைத்தானோ, அதன் எண்கணக்கு நூலகமான நம்பையோ மாறும்போது அந்த இடத்தைத் திறந்து, 'இது எதற்கு இங்கே இருக்கிறது?' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளப்போவது வேறு ஆள். அவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், சொந்த வேலை முடிந்த பிறகு இதில் உட்காருபவர். ரிவ்யூவில் வரும் கேள்விகள் எல்லாம் அந்த ஆளின் பக்கத்தில் நின்று கேட்கப்படுபவை. அப்படி வைத்துப் படித்தால் உங்களுக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும்.

முதலில் அந்தச் 'சம்பந்தமில்லாத மாற்றங்கள்'. நீங்கள் ஆறு வரி என்கிறீர்கள். உங்கள் புல் ரிக்வெஸ்டில் பச்சையும் சிவப்புமாக நானூறு வரிக்கு மேல் தெரிகிறது. ஒற்றை மேற்கோள் குறிகள் இரட்டையாகியிருக்கின்றன. ஒரே வரியில் இருந்த அழைப்புகள் ஐந்து வரியாக உடைந்திருக்கின்றன. உங்கள் எடிட்டர் சேவ் செய்யும்போதெல்லாம் பிளாக் (கோடின் வடிவத்தைத் தானாக ஒழுங்கு செய்யும் கருவி) ஓடும்படி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆபீஸ் வேலைக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் மேட்பிளாட்லிப் கோடு பிளாக் வைத்து ஒழுங்கு செய்யப்படுவதில்லை. நடுவில் ஒரு மாறியின் பெயரையும் அழகாக மாற்றியிருக்கிறீர்கள். அது நல்ல பெயர்தான், ஆனால் இங்கே வேண்டாம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத கெடுதல் ஒன்று உண்டு. ஒரு வரியை யார், எப்போது, எந்தக் காரணத்துக்காக எழுதினார் என்று கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். நீங்கள் வெறும் மேற்கோள் குறியை மாற்றிய வரிகள் அத்தனைக்கும் இனிமேல் கடைசியாக எழுதியவர் நீங்கள் என்றுதான் காட்டும். பழைய காரணத்தைத் தேடி வருபவர் உங்கள் தீபாவளிப் பூஜ்யத்தில் வந்து முட்டிக்கொள்வார். உங்கள் தொழிலிலேயே பாருங்கள்: கழுத்து ரிப்பை மட்டும் மாற்றிச் சாம்பிள் அனுப்பச் சொன்ன பையருக்கு, கலரையும் லேபிளையும் சேர்த்து மாற்றி அனுப்பினால் அவர் எதைப் பார்த்து அப்ரூவல் கொடுப்பார்?

செய்ய வேண்டியது சுலபம். அந்த ஃபோல்டருக்கு மட்டும் பிளாக்கை அணைத்துவிடுங்கள். கோப்பை மெயின் பிராஞ்சில் (திட்டத்தின் மூலப் பிரதியில்) இருப்பதுபோலவே திரும்பக் கொண்டுவந்து, ஆறு வரியை மட்டும் கையால் மறுபடி எழுதுங்கள். புல் ரிக்வெஸ்ட் போட்ட உங்கள் அதே பிராஞ்சில் புஷ் செய்தால் போதும். புதிதாக இன்னொரு புல் ரிக்வெஸ்ட் திறக்காதீங்க. நடந்த பேச்சு எல்லாம் பழையதிலேயே தங்கிவிடும், வருகிறவர்கள் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பூஜ்யம். உங்கள் விஷயத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

பை சார்ட் வரைய ஒவ்வொரு மதிப்பையும் மொத்தத்தால் வகுத்து, வரும் பங்கை வட்டத்தின் கோணமாக மாற்றுகிறார்கள். மொத்தமே பூஜ்யம் என்றால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். நம்பை அங்கே நிற்காது. ஒரு எச்சரிக்கையை முனகிவிட்டு, எண்ணே அல்லாத 'நான்' (NaN, not a number) என்ற மதிப்பைக் கொடுத்து அனுப்பிவிடும். அது கோணமாகிறது, கோணம் வில்லாகிறது. வில்லை எத்தனை துண்டாக வரைவது என்று முழு எண் கேட்கும் இடத்தில்தான் குட்டு உடைகிறது. அதனால்தான் பை சார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத பிழைச் செய்தி உங்களுக்கு வந்தது. நோய் ஓரிடம், வலி ஓரிடம். மொத்தம் கணக்கிடும் இடத்திலேயே பிடித்தீர்களே, அது சரியான இடம். இவ்வளவு தூரம் பின்னால் போய்த் தேடியதே பெரிய விஷயம்.

ஆனால் பிடித்த பிறகு என்ன செய்வது? உங்கள் கோடு சத்தமில்லாமல் வெற்றுப் படத்தைக் கொடுத்துவிடுகிறது. முதல் ரிவ்யூவர் தெளிவான பிழைச் செய்தி போதும் என்கிறார். இரண்டாமவர் உங்கள் பக்கம். என்னைக் கேட்டால் முதல் ஆள் சொல்வதுதான் சரி. இப்போதே அந்த இடத்தில் பிழைதான் வருகிறது. புரியாத பிழையைப் புரியும் பிழையாக மாற்றினால் உலகத்தில் யாருடைய ஸ்கிரிப்டும் உடையாது. வேல்யூஎரர் என்ற அதே வகையிலேயே கொடுத்துவிட்டால், அதைப் பிடித்துச் சமாளித்துவைத்திருப்பவர்களுக்கும் தொந்தரவு இல்லை. வெற்றுப் படம் என்பது புது வாக்குறுதி. அப்போது விளக்கப் பெட்டியில் ஓட்டை, எண்ணெய்க் கறை என்ற பெயர்கள் வர வேண்டுமா? சதவீதம் எழுதச் சொல்லியிருந்தால் என்ன எழுதுவது? திரும்பக் கிடைக்கும் பட்டியல் காலியாக இருந்தால், அதில் முதல் துண்டை எடுத்து நிறம் மாற்றும் ஒருவருடைய கோடு என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, அந்தப் பதிலை வருடக்கணக்கில் காப்பாற்ற வேண்டும்.

ஒரு தடவை கொடுத்த நடத்தையைத் திரும்ப எடுப்பது அங்கே லேசில் நடக்காது. மாறப்போகிறது என்று முதலில் எச்சரிக்கை வர வேண்டும், பழைய வழியும் வழக்கமாக இரண்டு வெளியீடுகளுக்காவது வேலை செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் நீக்கலாம். வானவில் மாதிரி இருக்கும் 'ஜெட்' என்ற பழைய வண்ண வரிசை கண்ணை ஏமாற்றுகிறது, இல்லாத எல்லைகளைக் காட்டுகிறது என்று ரொம்ப நாளாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி இருந்தும் அதை எடுத்துவிட்டு 'விரிடிஸ்' இயல்பாக வந்தது 2.0 பதிப்பில், 2017 ஜனவரியில்தான். பழைய தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு 'கிளாசிக்' என்று ஒரு ஸ்டைலையும் கூடவே வைத்தார்கள். நிறத்துக்கே இவ்வளவு என்றால் நடத்தைக்குக் கேட்கவா வேண்டும்.

உங்கள் மேனேஜரையும் ஒருக்கா நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை வெற்றுப் படம் போனால், 'இந்த வாரம் ஒரு பீஸ்கூடக் கழியவில்லை, பலே' என்று நினைப்பாரா, கம்பெனி லீவு என்று நினைப்பாரா, ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது என்று நினைப்பாரா? அதை நூலகம் முடிவு செய்யக் கூடாது. உங்கள் ஸ்கிரிப்ட் முடிவு செய்ய வேண்டும். வரைவதற்கு முன்னால் கூட்டுத்தொகை பூஜ்யமா என்று பார்த்து, ஆமென்றால் 'இந்த வாரம் உற்பத்தி இல்லை' என்று எழுதிவிடுங்கள். இரண்டு வரி. அதை இன்றைக்கே செய்துவிடுங்கள். உங்கள் மாற்றம் மெர்ஜ் ஆனாலும் அடுத்த வெளியீட்டில்தான் கைக்கு வரும்.

இரண்டு ரிவ்யூவர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது நடுவில் நின்று கோடை மாற்றி மாற்றி எழுதினால் உங்களுக்குத்தான் அலுப்பு. கோடைத் தொடாமல் ஒரு பின்னூட்டம் போடுங்கள்: வழி ஒன்று இது, வழி இரண்டு இது, எனக்கு முதல் வழி சரியாகப் படுகிறது, காரணம் இது, நீங்கள் சொன்னால் அப்படியே மாற்றுகிறேன். அங்கே கோட் மாற்றத்துக்கு முக்கியப் பராமரிப்பாளர்கள் குறைந்தது இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஆக அவர்கள் இருவரும் ஒத்துப்போகாமல் இது நகராது. பேச வைப்பதுதான் இப்போதைக்கு உங்கள் வேலை.

டெஸ்ட் என்றதும் படத்தை வைத்து ஒப்பிட வேண்டும் என்று பயந்திருக்கிறீர்கள். அப்படியும் அங்கே டெஸ்டுகள் உண்டு: ஒரு படம் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கும், டெஸ்ட் புதிதாக வரைந்து இரண்டையும் ஒப்பிடும், வேறுபட்டால் வித்தியாசத்தை மட்டும் மூன்றாவது படமாகக் கொடுக்கும். ஆனால் அப்படிச் சேர்க்கும் படம் கிட் வரலாற்றில் என்றென்றைக்கும் தங்கிவிடும். அடுத்த வாரமே அழித்தாலும் பழைய பிரதி உள்ளேயே கிடக்கும். அதனால் வேறு வழி இருந்தால் படம் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்வார்கள். ஒரே படத்தைப் பழைய வழியில் ஒன்று, புதிய வழியில் ஒன்று வரைந்து, இரண்டும் ஒன்றுதானா என்று அப்போதைக்கப்போது ஒப்பிடும் வசதியும் இருக்கிறது. உங்களுக்கு இவை எதுவுமே வேண்டாம். எல்லாம் பூஜ்யமாக ஒரு பட்டியலைக் கொடுத்து, இன்ன வாசகத்தோடு பிழை வருகிறதா என்று பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு வரிகூட வராது. எழுதியதும் உங்கள் திருத்தத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது டெஸ்ட் விழ வேண்டும். திருத்தம் இல்லாமலே பாஸ் ஆகும் டெஸ்டால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

மூன்று சிவப்பில் ஒன்று கோடின் வடிவம் பார்ப்பது. நானூறு வரியும் போனால் அதுவும் போய்விடும். இன்னொன்று, விளக்கக் குறிப்பில் நீங்கள் சேர்த்த வரியின் உள்தள்ளல் பிசகியது. லாகில் வரி எண்ணோடு இருக்கிறது. மூன்றாவது மேக்கில் வேறேதோ டெஸ்ட் நேரம் கடந்து நின்றது. அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, தொடாதீங்க. முதல் சில நாள் எதுவுமே ஓடாமல் இருந்ததே, அது முதன்முறை பங்களிப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பராமரிப்பாளர் ஒருவர் அனுமதி அழுத்திய பிறகுதான் ஓடும்.

ரெண்டு வார அமைதிக்கு வெசனப்பட வேண்டியதில்லை. அதற்கு மேலும் போனால், 'யாராவது நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா' என்று ஒரு வரி போடலாம். தனித்தனி ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன்: 'இந்த இஷ்யூவை (பதிவான குறையை) எனக்கு ஒதுக்குங்கள்' என்று கேட்டுக் காத்திருப்பது அங்கே எடுபடாது. அவர்கள் யாருக்கும் ஒதுக்குவதில்லை. புல் ரிக்வெஸ்ட் திறந்தவர் எடுத்துக்கொண்டதாகக் கணக்கு.

ஆங்கிலம். உங்கள் கடிதத்தில் இருக்கும் தெளிவு ஆங்கிலத்தில் குட்டிக் குட்டி வாக்கியமாக வந்தால் போதும். என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வர வேண்டும், எந்த வெர்ஷன்: இலக்கணம் தடுக்கினாலும் இந்த நான்கும் இருந்தால் படிப்பவருக்குப் புரியும். ஏஐ விஷயத்தில் ஜாக்கிரதை. ஏஐ எழுதிக் கொடுத்ததைப் புரியாமலே கொண்டுவந்து போடுவதை மேட்பிளாட்லிப் விதிமுறையிலேயே கண்டித்து எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டதை நிராகரிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்தைத் திருத்த உதவி கேட்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் ரிவ்யூவர் கேட்ட கேள்வியை அப்படியே அதனிடம் கொடுத்து, வந்த மூன்று பத்திப் பதிலை ஒட்டினால், அதைப் படித்து முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் போகும், அதற்கு மேல் ஒரு கேள்வி வந்தால் உங்களுக்கே பதில் தெரியாது. உங்கள் உடைந்த ஆங்கிலம் அதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. இதற்குத்தான் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. இயல்பாக வரும் எழுத்துரு டெஜாவு சான்ஸ். அதில் தமிழ் இல்லை, அதனால் கட்டம் கட்டமாக வரும், ஒரு எச்சரிக்கையும் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றை வைத்துவிட்டால் எச்சரிக்கை ஓய்ந்துவிடும், ஆனால் எழுத்து ஒழுங்காகாது. ஊர்ப் பெயர்களை வைத்தே பாருங்கள். 'அவிநாசி' ஓரளவு சரியாக வந்துவிடும், ஏனென்றால் அதில் காலும் கொக்கியும் எல்லாமே வலப்பக்கம் ஒட்டுபவை. 'பெருந்துறை' வராது. சேமிக்கும் வரிசையில் ப முதலில், ஒற்றைக் கொம்பு அடுத்து. அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால், ப-வுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய கொம்பு அதைத் தாண்டி ர-வுக்கு முன்னால் போய் நின்றுவிடும். கண்ணுக்கு 'பரெ' என்று தொடங்குவதுபோல இருக்கும். கடைசியில் றை-யின் ஐகாரக் குறி வார்த்தைக்கு வெளியே வாலில் தொங்கும். 'ஈரோடு'வில் கொம்பும் காலும் ர-வை அணைக்காமல் இரண்டுமே அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும்.

காரணம், எழுத்தை வரைய மேட்பிளாட்லிப் நம்பியிருக்கும் ஃப்ரீடைப் என்ற நூலகம் ஒவ்வொரு எழுத்து வடிவத்தையும் வரையுமே தவிர, எதை எங்கே வைப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்யாது. அது ஹார்ஃப்பஸ் போன்ற வேறு நூலகத்தின் வேலை. அதையும் இழுத்துச் சேர்த்தால் ஆங்கில எழுத்துகளின் இடமும் ஓரிரு பிக்சல் நகரும். எழுத்து இருக்கும் ஒப்பீட்டுப் படங்கள் எல்லாம் விழும். இதே பயத்தில்தான் டெஸ்டுகளுக்காக 2015இல் வந்த ஃப்ரீடைப் 2.6.1 பதிப்பையே வருடக்கணக்கில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் லிப்ராக்ம் என்ற நூலகத்தைச் சேர்க்கும் வேலை தனி பிராஞ்சில் நடந்து வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் முதலில் இருந்து எழுதப் போகாதீங்க. அவர்கள் செய்ததைப் போய்ப் படித்து, உங்கள் கணினியில் கட்டி ஓட்டிப் பாருங்கள். அதுவரை ஆபீஸ் வேலைக்கு, படத்தை எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எழுத்தை வெறும் வளைகோட்டு வடிவமாக மாற்றாமல் எழுத்தாகவே வைக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பிரௌசரில் திறந்தால் அதுவே தமிழைச் சரியாகச் சேர்த்துக் காட்டிவிடும். நீள அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அந்த பிராஞ்சில் உங்களால் மட்டும் முடியும் வேலை ஒன்று உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத ரிவ்யூவருக்கு, கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று படத்தைப் பார்த்தால் தெரியாது. பெருந்துறை, ஈரோடு, பொள்ளாச்சி, கொடுமுடி, திருப்பூர் ஐந்தையும் எழுதி ஒரு படம் வரைந்து, எது சரி, எது தப்பு, தப்பு என்றால் எந்தக் குறி எங்கே இருக்க வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டி ஒரு இஷ்யூவில் போடுங்கள். எந்த எழுத்துரு, எந்த வெர்ஷன் என்று எழுத மறக்காதீங்க. அதில் இருந்து ஒரு டெஸ்ட் பிறந்தால் அதற்குப் படம் சேர்ப்பதில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பூஜ்யத்தையும் தமிழையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் போட்டுவிடாதீங்க, அம்மணி.